கித்தார் கற்றல் செயலி

கித்தார் கற்றல் செயலி என்பது கித்தார் பயில்வோருக்குச் சுருதி சேர்த்தல், சுரக்கூட்டுகள், சுரவரிசைகள், தாளம் ஆகியவற்றைத் திறன்பேசி வழியாகக் கற்பிக்கும் மென்பொருள் ஆகும். இவற்றுட் சில, விரல் வைக்கும் இடங்களைப் படமாகக் காட்டும் கையேடுகள் போன்றவை. வேறு சில, திறன்பேசியின் ஒலிவாங்கி வழியே மாணவர் வாசிப்பதைக் கேட்டு, சரி பிழை கூறக் கூடியவை. ஆசிரியர் எளிதிற் கிடைக்காத சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும் இவை தொடக்கநிலைக் கல்விக்குப் பயன்படுகின்றன. எனினும் ஒலியை மட்டுமே அறியும் இச்செயலிகள், வாசிப்பவரின் கையையும் இசையின் பொருளையும் அறிவதில்லை என்பது இவற்றின் அடிப்படை எல்லை ஆகும்.

சொற்கள்

ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் தொகுதி சுரக்கூட்டு எனப்படும். பேச்சு வழக்கில் இது கார்டு என அழைக்கப்படுகின்றது. சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் அமைவது சுரவரிசை ஆகும். இது ஸ்கேல் என்று வழங்குகின்றது. கித்தாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்டுள்ள உலோகக் கட்டைகள் பிரெட் எனப்படும். வீணையில் இவை மெட்டு என வழங்குவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகின்றது.

வரலாறு

கித்தார் பாடல்களின் விரற்குறிப்புகளைக் கணினியிற் பகிரும் வழக்கம் திறன்பேசிகளுக்கு முற்பட்டது. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓல்கா என்னும் இணையக் கித்தார் காப்பகம், ஆர்வலர்கள் தாமே கேட்டு எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளைக் கொண்டிருந்தது. இசைப் பதிப்பாளர்கள் பதிப்புரிமை அடிப்படையில் எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்து 2006இல் அது மூடப்பட்டது. பிரான்சின் அரோபாசு நிறுவனத்தின் கித்தார் புரோ மென்பொருள் 1997இலும், உருசியாவில் தோன்றிய அல்டிமேட் கித்தார் தளம் 1998இலும் வெளிவந்தன. ஆத்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003இல் தொடங்கிய ஜஸ்டின் கித்தார் தளம், படிப்படியான பாடங்களை இலவசமாக வழங்கிப் புகழ் பெற்றது.

2007இல் ஐபோன் வெளிவந்தது. 2008 சூலையில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடையும், அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான செயலிக் கடையும் திறக்கப்பட்டன. சுருதி காட்டி, மெட்ரோனோம், சுரக்கூட்டு அகராதி ஆகியன தொடக்க காலச் செயலிகளில் இடம்பெற்றன. பின்லாந்தில் 2010இல் ஓவலின் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம் முதலில் சிறுவர்களுக்கான கித்தார் விளையாட்டை உருவாக்கியது. இதுவே பின்னர் யூசிசியன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பரவலாக அறியப்பட்ட கித்தார்டியூனா என்னும் சுருதி காட்டியும் இந்நிறுவனத்தினுடையது. நெதர்லாந்தின் கார்டிஃபை, பாடலின் ஒலிப்பதிவிலிருந்து சுரக்கூட்டுகளைத் தானே கண்டறிந்து காட்டுகின்றது. கித்தார் தயாரிப்பு நிறுவனமான ஃபெண்டர் 2017இல் ஃபெண்டர் பிளே என்னும் பாடச் செயலியை வெளியிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின் போது இச்செயலி புதியவர்களுக்கு மூன்று மாதம் இலவசமாக வழங்கப்பட்டது.

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் இணையத் தரவின் விலை பெரிதும் குறைந்தது. காணொளிப் பாடங்களும் இவ்வகைச் செயலிகளும் சிற்றூர்களைச் சென்றடைய இது வழி வகுத்தது.

செயற்படும் முறை

சுருதி காட்டுதல்

கித்தாரின் ஆறு கம்பிகள் பொதுவழக்கில் தடித்த கம்பியிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனச் சேர்க்கப்படுகின்றன. இவற்றின் அதிர்வெண்கள் 82.41, 110.00, 146.83, 196.00, 246.94, 329.63 ஏர்ட்சு ஆகும். ஏ சுரம் 440 ஏர்ட்சு என்னும் பன்னாட்டு அளவிலிருந்து இவை கணிக்கப்படுகின்றன. அடுத்தடுத்த இரு அரைச்சுரங்களின் அதிர்வெண் விகிதம் ஏறத்தாழ 1.05946 ஆகும். பன்னிரண்டு முறை இவ்விகிதத்தாற் பெருக்கினால் அதிர்வெண் இருமடங்காகி, மேல் தாயி கிடைக்கின்றது. 650 மில்லிமீட்டர் நீளக் கம்பி கொண்ட கித்தாரில் முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டர் தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியிலும் அமைவது இக்கணக்கின்படியே.

செயலி, ஒலிவாங்கியில் வரும் அலையைப் பெரும்பாலும் விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்து, அலை தன்னைத்தானே மீண்டும் ஒத்திருக்கும் இடைவெளியைக் கணக்கிடுகின்றது. அவ்விடைவெளியிலிருந்து அதிர்வெண் பெறப்படுகின்றது. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும். முள் நடுவில் நிற்பது, கம்பி குறித்த சுரத்திலிருந்து சில சென்ட்டுகளுக்குள் உள்ளது என்பதைக் குறிக்கும்.

சுரக்கூட்டை அறிதல்

ஒரு கம்பியின் சுரத்தை அறிவதை விட, ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒலிப்பதை அறிவது கடினம். ஒவ்வொரு கம்பியும் அடிப்படைச் சுரத்துடன் அதன் மடங்குகளான மேற்சுரங்களையும் எழுப்புகின்றது. எனவே செயலிகள் 1965இல் கூலி, டூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு ஃபூரியே மாற்றம் போன்ற முறைகளால் ஒலியைப் பகுத்து, எல்லாத் தாயிகளின் ஆற்றலையும் பன்னிரண்டு சுரங்களுக்குரிய பெட்டிகளிற் சேர்க்கின்றன. இப்பன்னிரண்டு எண்களின் அமைப்பைத் தெரிந்த சுரக்கூட்டுகளுடன் ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தெரிவு செய்கின்றன. இம்முறையை 1999இல் ஃபுஜிஷிமா விளக்கினார். பிற்காலச் செயலிகளில் எந்திரக் கற்றல் முறைகளும் பயன்படுகின்றன.

இம்முறைக்கு இரு இடர்கள் உள்ளன. முதலாவது காலத் தாழ்வு. தடித்த கம்பியின் ஈ சுரத்துக்கும் அடுத்த எஃப் சுரத்துக்கும் இடையே 5 ஏர்ட்சுக்கும் குறைவான வேறுபாடே உண்டு. இரண்டையும் ஃபூரியே முறையாற் பிரித்தறிய ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு விநாடி கேட்க வேண்டும். விரைந்து மாறும் வாசிப்பிற் செயலி பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, ஒரே சுரங்கள் இரு பெயர் பெறுதல். ஏ, சி, ஈ, ஜி ஆகிய நான்கு சுரங்களும் சேர்ந்தால் அதனை ஏ மைனர் ஏழு எனவும் சி ஆறு எனவும் கூறலாம். பாடல் எங்கே நிற்கின்றது, கீழ்ச்சுரம் எது என்பதை வைத்தே இது முடிவாகும். இதனைச் செயலி பல இடங்களில் தவறாகக் கூறுவதால், தானே கண்டறிந்த குறிப்புகளைக் காதால் சரிபார்ப்பது தேவையாகின்றது.

சுரக்கூட்டுகளைப் பயிலுதல்

செயலிகள் பொதுவாக ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி ஆகிய திறந்த கம்பிச் சுரக்கூட்டுகளில் தொடங்குகின்றன. மேசர் கூட்டு தமிழிசை வழக்கிற் சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மைனர் கூட்டில் அந்தர காந்தாரத்துக்குப் பதிலாகச் சாதாரண காந்தாரம் வரும். இந்த ஒரு சுர வேறுபாடே இரு கூட்டுகளின் குணத்தையும் மாற்றுகின்றது.

சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே அழுத்தி வாசிக்கும் எஃப் கூட்டில் தொடக்கநிலை மாணவர் பலர் தளர்ந்து விடுவது வழக்கம். கம்பி மந்தமாக ஒலித்தால் செயலி பிழை எனக் காட்டும். ஆனால் கட்டைவிரல் கழுத்தின் பின்னே எங்கே நிற்கின்றது, மணிக்கட்டு எவ்வளவு வளைந்துள்ளது, விரல் மெட்டுக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பன ஒலியிலிருந்து தெரிவதில்லை. அதனால் மாணவர் மேலும் மேலும் அழுத்தி, கைவலியுடன் அதே பிழையைத் தொடர நேரிடுகின்றது. அருகில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் கையைப் பார்த்த உடனே இதனைத் திருத்தி விடக்கூடும். வலி, மரமரப்பு ஆகியன தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, கருவியின் கம்பி உயரத்தையும் கை நிலையையும் சரிபார்ப்பதே முறை.

பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கூட்டுகளை இடம் மாற்றிக் காட்டுவது செயலிகளின் பயனுள்ள கூறுகளுள் ஒன்று. சி சுரம் ஒரு கட்டை, ஜி சுரம் ஐந்து கட்டை எனக் கொண்டால், கேப்போ என்னும் கவ்வியை முதல் மெட்டில் இட்டு ஜி வடிவங்களை வாசிக்கும்போது சுருதி ஐந்தரைக் கட்டை ஆகும்.

சுரவரிசைகளும் இராகங்களும்

செயலிகளில் காணப்படும் மேலைச் சுரவரிசைகள் பலவற்றுக்குக் கருநாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில் நேர் இணை உண்டு. பொதுவாகப் பயன்படுபவை வருமாறு:

மேசர் - தீரசங்கராபரணம் (29ஆம் மேளம்)
இயல்பு மைனர் - நடபைரவி (20)
ஆர்மோனிக் மைனர் - கீரவாணி (21)
மெலோடிக் மைனர், ஏறுமுகம் - கௌரிமனோகரி (23)
டோரியன் - கரகரப்பிரியா (22)
ஃபிரிஜியன் - அனுமத்தோடி (8)
லிடியன் - மேசகல்யாணி (65)
மிக்சோலிடியன் - அரிகாம்போதி (28)
இரட்டை ஆர்மோனிக் - மாயாமாளவகௌளை (15)
ஐந்து சுர மேசர் - மோகனம்
ஐந்து சுர மைனர் - சுத்த தன்யாசி

லோக்ரியன் என்னும் வரிசையில் பஞ்சமம் இல்லாமையால் அதற்கு மேளகர்த்தா இணை இல்லை. ஒரே சுரத் தொகுதியில் தொடக்கச் சுரத்தை மாற்றினால் வேறு வரிசை பிறக்கும் என மோடுகளைப் பற்றிச் செயலிகள் கற்பிப்பது, தமிழிசை மாணவர் கிரகபேதம் என அறிந்ததே ஆகும். சிலப்பதிகாரம் கூறும் பாலைகளின் பிறப்பும் இக்கருத்தை ஒட்டியது.

இருப்பினும் சுரவரிசையும் இராகமும் ஒன்றல்ல. இராகம் என்பது சுரங்களின் தொகுதி மட்டும் அன்று. கமகம், சுரங்கள் செல்லும் வழி, நின்று ஒலிக்கும் இடங்கள் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. மெட்டுகள் நிலையாக அமைந்த கருவியிலும் கம்பியை இழுத்துக் கமகம் வாசிக்க இயலும் என்பதை வீணை காட்டுகின்றது. மின் மாண்டலினில் உ. ஸ்ரீநிவாசும் (1969–2014), கித்தாரில் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோரும் இதனை மேடையில் நிறுவியுள்ளனர். ஆனால் நிலையான சுரத்தையே எதிர்பார்க்கும் செயலி, தோடியின் அசையும் காந்தாரத்தைப் பிழையான சுரம் எனக் காட்டக் கூடும். இவ்விடத்திற் செயலியின் தீர்ப்பை ஏற்கும் மாணவர், சரியான வாசிப்பைக் கைவிட நேரும்.

சுருதி அளவிலும் வேறுபாடு உண்டு. கித்தாரின் மெட்டுகள் சமப் பங்கீட்டு முறையில் அமைந்தவை. அம்முறையில் அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 400 சென்ட் தொலைவில் உள்ளது. தம்புராவில் இயல்பாக எழும் 5:4 விகிதக் காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட் ஆகும். இந்த 14 சென்ட் இடைவெளி பயின்ற காதுக்கு எளிதிற் புலப்படும்.

தமிழ்நாட்டில் கித்தார் கல்வி

தமிழ்நாட்டில் கித்தார் கல்வி தேவாலயங்கள், திரையிசை, இலண்டன் இசைத் தேர்வுகள் ஆகியவற்றின் வழியே வளர்ந்தது. சென்னையில் 1842இல் மிஸ்குவித் நிறுவனமாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல், இசைக்கருவி விற்பனையுடன் டிரினிட்டி தேர்வுகளுக்கும் நிலையமாக இருந்து வந்துள்ளது. ஏ. ஆர். ரகுமான் 2008இல் கே. எம். இசைக் கல்லூரியைச் சென்னையில் நிறுவினார்.

தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா, 1968இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார். செவ்வியற் கித்தாரில் இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் இசையமைத்த மூடுபனி (1980), பயணங்கள் முடிவதில்லை (1982) ஆகிய திரைப்படங்களின் பாடல்களில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தார் பகுதிகள், இன்றளவும் தமிழ் மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பகுதிகளாக விளங்குகின்றன. மலையடிவாரச் சிற்றூரில் பிறந்த ஒருவர் மேலை இசை பயில அன்று சென்னை செல்ல வேண்டியிருந்தது. அந்தத் தொலைவைக் குறைப்பதே இன்றைய செயலிகளின் முதன்மைப் பயன் எனலாம்.

பழனி மலையும் கோடைக்கானலும்

கோடைக்கானல், திண்டுக்கல் மாவட்டத்திற் பழனி மலையின் மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அமெரிக்க சமயப்பரப்பாளர்கள் 1845இல் இங்கே குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட பள்ளியே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. மேலை இசைக் கல்வி இப்பள்ளியின் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. பள்ளிக்கு வெளியே, மலையின் பிற ஊர்களில் உள்ளோர் முறையான இசைக் கல்விக்கு நகரங்களையே நாட வேண்டியுள்ளது. மதுரை சாலை வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டரும், சென்னை 500 கிலோமீட்டருக்கு மேலும் தொலைவில் உள்ளன. 2020இல் டிரினிட்டி முதலிய தேர்வு அமைப்புகள் காணொளிப் பதிவு அனுப்பித் தேர்வு எழுதும் முறையைத் தொடங்கின. இதனால் தொலைவில் உள்ள மாணவர் தம் ஊரிலிருந்தே தேர்வெழுத இயலுகின்றது.

மலைச்சரிவுகள் அலைகளை மறைப்பதால், பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்ப் பக்கங்களில் எல்லா இடத்திலும் இணையம் ஒரே சீராக இருப்பதில்லை. சுருதி காட்டி, மெட்ரோனோம், சுரக்கூட்டு அகராதி ஆகியன இணையமின்றியும் இயங்கக் கூடியவை. காணொளிப் பாடங்களை இணையம் உள்ள இடத்தில் முன்னரே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிரும் மூடுபனியும் கருவியைப் பாதிக்கின்றன. முழுமரக் கித்தார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையான ஈரப்பதம் ஏற்றது என்பது தயாரிப்பாளர்களின் பரிந்துரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலையின் ஈரப்பதம் இதனை விட மிகுதி. மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுவதால் மேற்பலகை உயர்ந்து, கம்பிகள் மெட்டுகளிலிருந்து விலகி, அழுத்துவது கடினமாகின்றது. வத்தலக்குண்டின் வெப்பத்திலிருந்து மேலே கொண்டுவரப்படும் கருவியின் எஃகுக் கம்பிகள் குளிரிற் சுருங்குவதால் சுருதி பொதுவாக ஏறும். எனவே கருவியைச் சிறிது நேரம் பெட்டியிலேயே வைத்திருந்து, பின்னர் சுருதி சேர்ப்பது நன்று. இங்குச் சுருதி காட்டிச் செயலி ஒவ்வொரு முறையும் தேவைப்படும் கருவியாகவே அமைகின்றது.

கித்தாருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஈட்டி அல்லது தோதகத்தி எனப்படும் மரம் உலகெங்கும் கித்தாரின் பின்பலகை, பக்கப்பலகை, விரற்பலகை ஆகியவற்றுக்குப் பயன்படுகின்றது. பிரேசில் தன் நாட்டு ஈட்டி மரத்தின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. தமிழ்நாட்டில் இம்மரத்தைக் காக்க 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017 சனவரியில் இவ்வினம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

பயன்களும் குறைகளும்

குறைந்த செலவு, விரும்பிய நேரத்திற் பயிலுதல், பாடலின் விரைவைக் குறைத்துக் கேட்டல், நாள்தோறும் பயிற்சியை நினைவூட்டல் ஆகியன பயன்களாகக் கூறப்படுகின்றன. பிறர் முன் பிழை செய்யக் கூசும் மாணவருக்கு, பொறுமை இழக்காத செயலி தொடக்கத்தில் ஊக்கம் தருகின்றது.

பெரும்பாலான செயலிகள் ஆங்கில வழியிலும், மேலைப் பாடல்களைக் கொண்டும் அமைந்துள்ளமை தமிழ் மாணவருக்கு ஒரு தடை. பல செயலிகளில் மாதச் சந்தா நின்றால் பாடங்களும் நின்று விடுகின்றன. ஓல்கா காப்பகத்தின் முடிவு காட்டுவது போல, பிறர் கையில் உள்ள குறிப்புகள் எப்போதும் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது. கற்ற பாடல்களின் கூட்டுகளை ஏட்டில் எழுதி வைப்பது இதற்கு எளிய தீர்வு ஆகும்.

திரையில் நகரும் புள்ளியைப் பின்பற்றி வாசிப்பவர், திரை இல்லாதபோது தடுமாறுவது பரவலாகச் சுட்டப்படும் குறை. காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் திறன் இம்முறையில் வளர்வதில்லை. ஆகவே பாடலின் கூட்டுகளை முதலிற் காதால் தேடி, பின்னர் செயலியுடன் ஒப்பிடும் வழக்கம் பரிந்துரைக்கப்படுகின்றது. இடையிடையே ஆசிரியர் ஒருவரிடம் நேரிலோ காணொளி அழைப்பிலோ கை நிலையைக் காட்டித் திருத்திக்கொள்வதும், பிறருடன் சேர்ந்து வாசிப்பதும் செயலி தர இயலாதவற்றை ஈடு செய்கின்றன.

இவற்றையும் பார்க்க

கித்தார்
மேளகர்த்தா இராகங்கள்
கிரகபேதம்
கோடைக்கானல்
ஈட்டி (மரம்)